யார் எழுதியது? பாரதியைப் பத்து வருஷம் கண்காணித்த போலீஸ்

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு மெசேஜை முதன்முதலில் அனுப்பியது யார்? கோர்ட்டோ அரசோ உத்தரவிட்டால், அதைக் கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும் என்கிறது 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதி. தேசப் பாதுகாப்பும் அதற்கான காரணங்களில் ஒன்று. கிட்டத்தட்ட இதே கேள்வியோடு நூறு வருஷத்துக்கு முன்னால் போலீஸ் துரத்திய ஆள், நம்ம சுப்பிரமணிய பாரதி.

1882-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர், 1906-ல் சென்னையில் 'இந்தியா' வார இதழை நடத்த ஆரம்பித்தார். எழுதியது அவர்தான். ஆனால் பதிவேட்டில் ஆசிரியராக இருந்த பெயர் சீனிவாசன். 1908-ல் ராஜத்துரோக வழக்கு பாய்ந்தபோது கைதானது அந்தப் பெயருக்குரியவர்தான். அவருக்கு ஐந்து வருஷம் சிறை. பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதியின் கதையைச் சொல்கிறவர்கள் சீனிவாசனை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

புதுச்சேரியில் என்ன நடந்தது?

பிரிட்டிஷ் போலீசால் அங்கே கைது செய்ய முடியாது. அதனால் வேவு பார்த்தது. ரகசிய போலீசார் தெருவிலேயே காத்திருந்தார்கள். கடிதங்களும் மணியார்டர்களும் வழியிலேயே மறிக்கப்பட்டன. 'இந்தியா' பிரிட்டிஷ் எல்லைக்குள் வரத் தடை விழுந்து, 1910-ல் நின்றே போனது. பாரதி காளிதாசன், சக்திதாசன் என்று புனைபெயர்களில் எழுதினார்.

1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் புதுச்சேரி அகதிகள் மேல் திரும்பியது. வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒருநாள் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள். யாரோ மாட்டிவிடப் போட்டது. மறைக்காமல் பிரெஞ்சு போலீசிடமே சொல்லிவிடலாம் என்றார் பாரதி. வீடுகளைச் சோதனை போட்டும் ஒன்றும் சிக்கவில்லை.

அந்தக் காலகட்டத்தில் இன்னொரு நெருக்கடியும் வந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள், ஊர்ப் பிரமுகர்கள் ஐந்து பேரின் கையெழுத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்றது பிரெஞ்சு அரசு. இன்றைக்குத் திருமுருகன்பூண்டிப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர் ரூம் கேட்டால், ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். அன்றைக்கு உங்களை நம்பிக் கையெழுத்துப் போட ஐந்து பேர் வேண்டும். போலீஸ் கண் வைத்திருக்கிற ஆளுக்கு யார் போடுவார்கள்? கலவை சங்கரச் செட்டியார் போட்டார், மற்றவர்களிடமும் வாங்கித் தந்தார்.

1918 நவம்பர் 20-ல் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்ததும் பாரதி கைது செய்யப்பட்டு, கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார். 24 நாள் கழித்து விடுதலை, ஆனால் நிபந்தனைகளோடு. திருநெல்வேலிச் சீமையில்தான் தங்க வேண்டும். எதை எழுதினாலும் அச்சுக்கு முன் போலீஸ் பார்க்க வேண்டும்.

1920-ல்தான் அந்தத் தளை நீங்கியது. சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' இதழில் மறுபடி சேர்ந்தார். 1921 செப்டம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 38.