முதலில் பந்தி, பிறகு தரிசனம்

சீக்கியர்களின் மூன்றாவது குருவாகிய குரு அமர்தாஸ், 1479-ஆம் ஆண்டு அமிர்தசரஸுக்கு அருகிலுள்ள பாசர்க்கே என்னும் சிற்றூரில் பிறந்தார். தொடக்கத்தில் அவர் வைணவ பக்தர். ஆண்டுதோறும் கங்கைக்கு யாத்திரை செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

அவ்வாறு ஒருமுறை திரும்பி வருகையில் துறவி ஒருவர் வழித்துணையானார். அமர்தாஸ் சமைத்ததை இருவரும் சேர்ந்து உண்டனர். பின்னர், அமர்தாஸுக்கு குரு இல்லை என்பதை அறிந்த அத்துறவி, குருவற்றவர் கையால் உண்டதால் தமது தவப்பயன் அழிந்ததாகப் புலம்பிப் பிரிந்து சென்றார் என்கிறது சீக்கிய மரபு. அன்புடன் இட்ட அன்னம் இப்படிப் பழியாய் முடிந்தது அமர்தாஸை வெகுவாக வாட்டியது. அப்போது அவர் அறுபதை எட்டிய முதியவர்.

குருவைத் தேடிய அவருக்கு வழி வீட்டிலேயே திறந்தது. அவருடைய தம்பி மகனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த பீபி அம்ரோ, குருநானக்கின் பாடலை விடியற்காலையில் பாடக் கேட்டு உருகினார். அம்ரோவின் தந்தையே இரண்டாவது குருவாகிய அங்கத். அமர்தாஸைவிட இருபத்தைந்து வயது இளையவர். உறவிலோ சம்பந்தி முறை. ஆயினும் கடூர் சென்ற அமர்தாஸ் அவர் திருவடிகளில் விழுந்து, அங்கேயே பணியாளாகத் தங்கிவிட்டார். நள்ளிரவுக்குப் பின் எழுந்து, பியாஸ் நதியிலிருந்து குருவின் நீராடலுக்குக் குடம் சுமந்து வருவார். பிறகு பொது அடுக்களைக்கு விறகும் நீரும் சுமப்பார். குருநானக் தொடங்கிய ‘லங்கர்’ என்ற அந்த அன்னசாலையைக் கடூரில் கவனித்தவர் குரு அங்கத்தின் துணைவியார் மாதா கீவி. நெய் மணக்கும் பாயசத்தை அவர் பரிமாறிய பாங்கைச் சீக்கியரின் திருநூலே போற்றுகிறது. அந்த அடுக்களையே அமர்தாஸுக்குப் பாடசாலையாயிற்று எனலாம்.

1552-இல், 73-ஆம் வயதில் குருபீடம் அவரிடம் வந்தது. இதைப் பொறாத குரு அங்கத்தின் மகன் தாத்து, சபையிலேயே அவரைக் காலால் உதைத்தார். அமர்தாஸோ, தமது முதிர்ந்த எலும்புகள் பட்டு அவர் பாதம் நொந்ததோ என்று வருந்தி அக்காலை வருடினாராம்.

பியாஸ் நதிக்கரையிலுள்ள கோயிந்துவாலில் அவர் வகுத்த நியமம் எளியது: தம்மைக் காண வருபவர் முதலில் லங்கரில் அமர்ந்து உண்ண வேண்டும். பந்திக்கு முந்து என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதை அவர் கண்டிப்பான விதியாகவே ஆக்கிவிட்டார்! எந்தக் குலத்தவர் அருகில் எந்தக் குலத்தவர் அமர்வது, யார் சமைத்ததை யார் உண்பது என்பதெல்லாம் பிறப்பால் வரையறுக்கப்பட்டிருந்த காலம் அது. அரசனுக்கும் அங்கே தனி ஆசனம் இல்லை. குலதர்மத்தை அழிக்கிறார் என்று அக்பரிடம் முறையீடு சென்றதாகவும், குருவின் சார்பில் சீடர் ஜேட்டா லாகூர் சென்று விளக்கியதாகவும் மரபு கூறும். பின்னர் அக்பரே கோயிந்துவாலுக்கு வந்து, எல்லோருடனும் தரையில் அமர்ந்து உண்டபின் குருவைத் தரிசித்தார். லங்கருக்கென அவர் அளிக்க முன்வந்த நிலத்தைக் குரு ஏற்கவில்லை. அன்றன்று அன்பர்கள் கொணர்வது அன்றன்றைக்கே செலவாக வேண்டும் என்பது அவர் கொள்கை. மானியம் வந்துவிட்டால் கொடுக்கும் கைகள் ஓய்ந்துவிடுமல்லவா?

உணவைப் போலவே நீரையும் பொதுவாக்கினார். கோயிந்துவாலில் அவர் அமைத்த 84 படிகள் கொண்ட கிணற்றில் எவரும் இறங்கி நீர் அருந்தலாம். உடன்கட்டை ஏறுதலையும், பெண்கள் முகத்திரையிட்டு வாழ்வதையும் அவர் கண்டித்தார்.

படிக்கிணறு தோண்டியபோது மண் சுமந்தவர்களுள் ஜேட்டாவும் ஒருவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, அவித்த கடலை விற்றுப் பிழைத்தவர் அவர். அவருக்கே குரு தம் மகள் பீபி பானியை மணம் செய்து கொடுத்தார். 1574-இல் தாம் மறையுமுன் தம் மைந்தர்களை விடுத்து அவரையே வாரிசாகவும் அமர்த்தினார். குரு ராம்தாஸ் என்ற பெயரில் அமிர்தசரஸ் நகரை நிறுவியவர் அவரே. அங்கே பொற்கோயிலில் அவர் பெயர் தாங்கிய லங்கரில் இன்றும் இரவு பகலாக அடுப்பு எரிகிறது. வருவோர் தரையில் வரிசையாக அமர்ந்து, இரு கைகளையும் ஏந்தி ரொட்டியைப் பெறுகின்றனர்.