ஊட்டி ஹெட்மாஸ்டர் படித்த இன்னொரு மொழி

ஜி.யு.போப்னாலே உங்களுக்குத் திருக்குறள்தான் ஞாபகம் வரும், இல்லையா? அவர் ஊட்டியில பள்ளிக்கூடம் நடத்தினது தெரியுமா?

1820-ல் இன்றைய கனடாவில் பிறந்தவர், 19 வயசுல சென்னையில் வந்து இறங்கினார். தமிழ் படித்ததோடு நிற்காம, அடுத்துப் படிக்க வர்றவங்களுக்காக இலக்கணக் கையேடும் எழுதினார்.

நீலகிரியின் தோடர் மொழிக்கு எழுத்து கிடையாது. பேசினவங்களும் அப்போ சில நூறு பேர்தான். மலையில் பல வருஷம் இருந்த மெட்ஸ் பாதிரியார் சேர்த்துவெச்ச சொற்கள், வாக்கியங்களைப் படித்து, அதற்கு இலக்கணச் சுருக்கம் எழுதினார் போப். 1873-ல் மார்ஷல் வெளியிட்ட தோடர் பற்றிய புத்தகத்தில் அது அச்சாச்சு. (என்னைக் கேட்டா, பாதிப் பெருமை மெட்ஸுக்குத்தான்!)

குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886-ல் வந்தப்போ போப்புக்கு 66 வயசு. திருவாசகம் வந்தது 1900-ல். அப்போ 80.