சீடனின் வயிற்றுவலிக்குப் பாடிய முத்துசுவாமி தீட்சிதர்

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவராகப் போற்றப்படும் ஸ்ரீ முத்துசுவாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், கார்த்திகை நட்சத்திரத்தில், திருவாரூரில் அவதரித்தார். தியாகராஜ சுவாமிகளும் சியாமா சாஸ்திரிகளும் பிறந்த ஊரும் அதுவே. தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், தாயார் சுப்பம்மாள். நெடுநாள் பிள்ளையில்லாதிருந்து வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிப் பெற்ற பிள்ளையாதலால், அங்கு எழுந்தருளியிருக்கும் முத்துக்குமார சுவாமியின் பெயரையே சூட்டினார்கள். எமது ஆலயத் திருவிழாக்களில் நாதஸ்வரத்தில் நாம் கேட்கும் ‘வாதாபி கணபதிம்’ இவர் இயற்றியது. அது அமைந்துள்ள ஹம்ஸத்வனி இராகத்தை உருவாக்கியவர் தகப்பனார். அப்பன் வைத்த மரத்தில் மகன் கனி பறித்தார் என்று சொல்லலாம்.

பின்னர் குடும்பம் சென்னைக்கு அருகேயுள்ள மணலியில், முதலியார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தது. கோட்டையில் வெள்ளைக்காரர் வாசித்த பாண்ட் வாத்தியத்தைச் சகோதரர்கள் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டார். இன்று கர்நாடகக் கச்சேரிக்கு வயலின் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டதல்லவா, அதற்கு முதற்படி வைத்தவர்களுள் இவரும் ஒருவர். அண்ணன் அந்த மேல்நாட்டு மெட்டுக்களுக்குத் தெய்வ நாமங்களைச் சேர்த்துப் பாடினார். சிதம்பரநாத யோகி என்னும் பெரியவர் முத்துசுவாமியைக் காசிக்கு அழைத்துச் சென்று சில ஆண்டுகள் தம்முடன் வைத்திருந்தார். திரும்பி வந்து திருத்தணியில் முருகப்பெருமானின் அருள் பெற்ற பிறகே இவர் கீர்த்தனைகள் பாடத் தொடங்கினார் என்பர். அதனால்தான் பாட்டுக்களில் ‘குருகுஹ’ என்ற முத்திரை வருகிறது.

திருவாரூரில் வாழ்ந்த காலத்தில் நடந்ததாகக் கர்ண பரம்பரையாக வழங்கும் ஒரு செய்தி நம் மனதைத் தொடுவது. கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன் இவருடைய சீடர். அவருக்குத் தீராத வயிற்றுவலி. வைத்தியம் பலிக்கவில்லை. ஜாதகத்தைப் பார்த்த தீட்சிதர், வியாழ பகவானின் நிலை சரியில்லை என்று கண்டார். அதற்குரிய மந்திர ஜபத்தைச் செய்யும் உரிமை அக்கால வழக்கப்படி மத்தளக்காரருக்கு இல்லை. அந்த வழக்கை உடைக்கவும் இல்லை, சீடனைக் கைவிடவும் இல்லை. அடாணா இராகத்தில் குருபகவான் மீது ஒரு கீர்த்தனை செய்து, இதைப் பக்தியோடு பாடி வா என்று கொடுத்தார். வலி நீங்கிற்று என்பது வரலாறு. சூரியன் முதல் சனி வரை வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு தாளங்களில் ஏழு கீர்த்தனைகளை இவர் இயற்றியுள்ளார். நோயாளிக்குப் பாட்டு போதுமா என்று இன்று கேட்போர் கேட்கட்டும். மந்திரம் மறுக்கப்பட்டவன் கையில் அதைவிட அழகான ஒன்றை வைத்த மனம் பெரிது. அந்தக் கீர்த்தனை இப்போது யாரும் பாடலாம் என்ற நிலையில் உலகெங்கும் ஒலிக்கிறது.

சீடர்களும் நன்றி மறக்கவில்லை. ஒருநாள் வீட்டில் அரிசி இல்லாதபோது, நடனக் கலைஞரான கமலம் தம் நகையை விற்றுத் தருவதாகச் சொன்னாராம்; தீட்சிதர் சம்மதிக்கவில்லை. தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள். குருவுக்குக் காணிக்கையாக நவரத்தினமாலை என ஒன்பது பாடல்களைச் செய்தார்கள்.

குடும்பத்தில் துயரம் குறையவில்லை. இளைய சகோதரர் சின்னசுவாமி கண்பார்வை இழந்தவர். அவரும் பாலுசுவாமியும் தெற்கே சென்று கச்சேரி செய்து வந்த காலத்தில், சின்னசுவாமி மதுரையில் காலமானார். தனித்துப்போன பாலுசுவாமியை எட்டயபுரம் அரசர் ஆதரித்துச் சமஸ்தான வித்துவானாக்கினார். செய்தி அறியாத அண்ணன் தம்பியரைத் தேடி மதுரை வந்து, விசாரித்து, எட்டயபுரம் போய்ச் சேர்ந்தார். அங்கே தம்பிக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததாம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த வீடுகள் எமது தோட்டங்களில் எத்தனையோ. அந்த நடையின் பாரத்தை மலையக மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று, சீடர்கள் மதுரை மீனாட்சியம்மை மீதான அவரது கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்க, எட்டயபுரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவரது சமாதி அங்கேயே உள்ளது. பாரதியார் பிறந்த மண்ணும் அதுதான்.

பாலுசுவாமியின் பேரரான சுப்பராம தீட்சிதர் அந்தச் சமஸ்தானத்திலேயே வளர்ந்தார். பெரிய பாட்டனாரின் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி, 1904ஆம் ஆண்டு ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலாக வெளியிட்டார். தீட்சிதரின் வரலாற்றை நமக்கு எழுதிவைத்தவரும் அவரே.