ஸ்டூடியோவுக்குள் நிலவைக் கொண்டுவந்த கேமராமேன்!
மார்க்கஸ் பார்ட்லியின் கதை

கயத்தாறு, ஜூன் 14–

கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் டூரிங் கொட்டகையில் மணலைக் குவிச்சு உட்கார்ந்து படம் பார்த்த பெரியவர்களைக் கேட்டால், "மாயாபஜார்" கடோத்கஜன் ரங்காராவைச் சொல்வார்கள். லட்டு தானாகப் பறந்து அவர் வாயில் விழுந்ததைச் சொல்வார்கள். அதைப் படம் பிடிச்சவர் யார் என்றால் முழிப்பார்கள்.

அவர்தான் மார்க்கஸ் பார்ட்லி. ஆங்கிலோ–இந்தியர். 1917ல் பிறந்தவர்.

பத்திரிகை போட்டோகிராபர்

முதலில் "டைம்ஸ் ஆப் இந்தியா" பத்திரிகையில் போட்டோகிராபர். பிறகு நியூஸ் ரீல் கேமராமேன். 1945ல் பி.என்.ரெட்டியின் "சுவர்க்கசீமா" தெலுங்குப் படம் மூலம் சினிமாவில் பெயர் வாங்கினார்.

அடுத்து விஜயா நிறுவனத்தில் வரிசையாகப் படங்கள். 1951ல் "பாதாள பைரவி". 1955ல் "மிஸ்ஸியம்மா". 1957ல் "மாயாபஜார்".

பட்டப்பகலில் நிலா!

மாயாபஜாரில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் படகில் போகும் நிலாக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அது நிஜ நிலா அல்ல. அந்தக் காலத்துப் பிலிமுக்கு நிலா வெளிச்சம் போதாது. விளக்குகளை அளந்து வைத்தே அந்தக் குளுமையைக் கொண்டுவந்தார் பார்ட்லி. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கேமராவும் கை வேலையும்தான்.

தங்கப்பதக்கம்

செட்டுக்குள் நிலவு காட்டியவர், கேரளக் கடற்கரைக்கும் போனார். ராமு காரியத் இயக்கிய "செம்மீன்" படத்துக்கு வண்ணத்தில் நிஜக் கடலைப் பிடித்தார். 1965ம் ஆண்டின் சிறந்த படம் என்று ஜனாதிபதி தங்கப்பதக்கம் அதற்குக் கிடைத்தது. தென்னிந்தியப் படம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் தடவை.

பதக்கம் படத்துக்கு. கேமராமேனுக்கு?

அதற்கும் காலம் வந்தது. ஜெமினி கணேசன், காஞ்சனா நடித்த "சாந்தி நிலையம்" தமிழ்ப் படத்துக்காக, 1969ம் ஆண்டின் சிறந்த வண்ண ஒளிப்பதிவாளர் தேசிய விருது பார்ட்லிக்குக் கிடைத்தது. "சுவர்க்கசீமா" வந்து 24 வருஷம் கழித்து!

1993ல் அவர் காலமானார். 2010ல் தெலுங்கு மாயாபஜாருக்கு கம்ப்யூட்டரில் வண்ணம் பூசி மறுபடி தியேட்டரில் விட்டார்கள். கூட்டம் திரண்டது. பூசிய வண்ணம் புதுசு. அடியில் இருந்த வெளிச்சம் பார்ட்லி போட்டது.

இனி டி.வி.யில் மாயாபஜார் வந்தால், ஆரம்பத்தில் ஓடும் பெயர்களையும் கொஞ்சம் பாருங்கள். நிலவுக்குச் சொந்தக்காரர் அங்கேதான் இருக்கிறார்.