விதை வளம் கண்ட சி. சுப்பிரமணியம்

விளைந்தவற்றுள் நன்மணி தெரிந்து விதைக்கென வைத்தல் உழவர்தம் தொன்மரபு. கல்வராயன் மலையில் சாமை பயிரிடுவோரும் அம்மரபினரே. கோதுமை நிலங்களிலும் அதுவே வழக்கு.

சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910ஆம் ஆண்டு வேளாண் குடியில் தோன்றினார். 1964இல் நடுவண் உணவு அமைச்சரானார். 1965இல் மழை பொய்த்தது. நாடு அயலார் அனுப்பும் கோதுமையை எதிர்நோக்கி நின்றது. உழவர் வழிவழியாகச் சேமித்த நெட்டைக் கோதுமையோ, உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். ஆதலின் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வருவித்தார். எதிர்ப்புகள் எழுந்தன, அவர் அஞ்சினாரல்லர். தில்லியில் தம் இல்லத்துப் புல்வெளியையே உழுவித்துப் பயிர் விளைத்துக் காட்டினார். முளைப்புத்திறனும் தூய்மையும் ஆய்ந்து சான்றளிக்க, அவ்வாண்டே விதைச்சட்டமும் இயற்றப்பட்டது.

1967 தேர்தலில் அவர் தோற்றார். அவர் கொணர்ந்த விதையோ வென்றது. 1968இல் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 165 இலட்சம் டன்னாக உயர்ந்தது.

கோதுமை தன்மகரந்தச் சேர்க்கையுடையது. ஆதலின் சான்று விதையில் விளைந்ததை உழவர் மீண்டும் விதைக்கலாம். கலப்பு நேர்ந்து தூய்மை குன்றும்போது புதுவிதை கொள்ளல் வேண்டும். சேமிப்பும் சான்றும் பகையல்ல, ஒன்றற்கொன்று துணையாம். 1998இல் பாரத ரத்னா விருது பெற்ற அப்பெரியார், 2000ஆம் ஆண்டு மறைந்தார். அவர் வாழ்வு, பழமையைப் போற்றுவோர் புதுமையை ஆய்ந்து ஏற்கவும் அஞ்சலாகாது என்பதை உணர்த்துகின்றது.