கடைசியில் உண்ட தளபதி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் – இயற்பியல் மாணவர் ஒருவர் எழுதியது)

வரலாற்று ஏடுகளில் தளபதிகளுக்குப் பஞ்சமில்லை. நாடுகளை வென்றவர்கள், நகரங்களை எரித்தவர்கள், தங்கள் பெயரைக் கல்லில் பொறித்துக் கொண்டவர்கள் எனப் பலர் உண்டு. ஆயின், தன் படையில் கடைக்கோடி வீரனும் உண்ட பிறகே தான் உண்ட தளபதி ஒருவர் வாழ்ந்தார். மறைந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. ஏறத்தாழ நம் வயது. இத்தாலி நாட்டின் ஜெனோவா துறைமுக நகரில் பிறந்த ஆல்டோ காஸ்டால்டி என்பவரே அவர். தோழர்கள் அவரை பிசாஞோ என்றே அழைத்தனர். ஜெனோவா நகரினூடே ஓடிக் கடலில் கலக்கும் ஆற்றின் பெயர் அது.

1921 செப்டம்பர் 17இல் ஆல்டோ பிறந்தார். அடுத்த ஆண்டே முசோலினி ஆட்சியைப் பிடித்தார். எனவே பாசிசக் கொடியைத் தவிர வேறு கொடியை அறியாமலே வளர்ந்த தலைமுறை அவருடையது. கட்சி அரசியலில் அவருக்கு நாட்டமில்லை. ஆழ்ந்த கத்தோலிக்க சமயப் பற்று மட்டும் இருந்தது. போர் வந்ததும் படையில் சேர்ந்து, தகவல் தொடர்புப் பிரிவில் இளநிலை அதிகாரியானார்.

1943 சூலையில் முசோலினி பதவி இழந்தார். செப்டம்பர் 8இல் நேசநாடுகளுடன் இத்தாலி போர்நிறுத்தம் செய்துகொண்டதாக அறிவிப்பு வந்தது. அதுவரை நண்பனாக இருந்த ஜெர்மானியப் படை ஒரே இரவில் நாட்டைக் கைப்பற்றும் படையாக மாறியது. மேலிடத்திலிருந்து தெளிவான ஆணை எதுவும் வரவில்லை. இத்தாலியப் படை கலைந்தது. இலட்சக்கணக்கான வீரர்கள் சிறைப்பட்டனர். ஜெனோவாவிற்குக் கிழக்கே கியாவரி என்னும் கடலோர ஊரில் இருந்த ஆல்டோ என்ன செய்தார்? ஆயுதங்களை ஒப்படைக்க மறுத்தார். கிடைத்தவற்றை மறைத்துவைத்து, சில தோழர்களுடன் மலையேறினார்.

கியாவரிக்குப் பின்னே அப்பென்னைன் மலைத்தொடரில் சிக்கேரோ என்னும் சிற்றூர் உள்ளது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் அங்கே ஒன்றுகூடினர். சீருடை இல்லை, சம்பளம் இல்லை. குளிர்காலத்தில் அந்த ஏழை மலைமக்கள் பகிர்ந்தளித்த உணவே அவர்களைக் காத்தது. அங்கேதான் சிக்கேரோ நெறி எனப் பின்னாளில் பெயர் பெற்ற ஒழுங்குமுறை உருவாயிற்று. தலைவனை வீரர்களே தேர்ந்தெடுப்பார்கள். போரில் அவன் முதலில் செல்ல வேண்டும். உணவையும் உடையையும் கடைசியில்தான் பெறவேண்டும். இரவுக் காவலில் கடினமான நேரம் அவனுடையது. உழவர்களிடம் எதையும் பறிக்கக் கூடாது; கேட்டுத்தான் பெறவேண்டும், இயன்றால் விலையும் கொடுக்கவேண்டும். பெண்களைத் தொல்லை செய்யக் கூடாது. தாக்குதல் நடக்கும்போது ஆணைக்குப் பணிய வேண்டும். முடிந்த பிறகு அனைவரும் கூடி அதன் நிறைகுறைகளைப் பேசலாம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நானே முதல்வன். வீட்டில் எல்லோரும் உண்டபின், பானையில் மிஞ்சியதை உண்பவர் என் தாய். அதை நாங்கள் யாரும் தலைமை என்று எண்ணியதில்லை. அடுப்படியில் நாம் கண்டும் காணாமல் விடும் அந்தப் பண்பைத்தான் பிசாஞோ போர்க்களத்தின் சட்டமாக்கினார் எனலாம்.

அந்த நெறியின் பயன் விரைவில் தெரிந்தது. மலைமக்கள் அவர்களைத் தம் பிள்ளைகளாகக் கருதினர். கைப்பிடியளவாக இருந்த குழு 1944இல் சிக்கேரோ டிவிஷன் என்னும் பெரும்படையாக வளர்ந்தது. அதே காலத்தில் கீழே நகரில் கொடுமை மிகுந்தது. 1944 சூன் 16 அன்று ஜெனோவாவின் தொழிற்சாலைகளை வளைத்து, ஏறத்தாழ 1,500 தொழிலாளரை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டு சென்றனர்.

1944 நவம்பரில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. முசோலினியின் புதிய அரசுக்காக ஜெர்மனியில் பயிற்சி பெற்ற மோன்டேரோசா டிவிஷனைச் சேர்ந்த வெஸ்டோனே பட்டாளம் பாசிச அணியை விட்டு விலகியது. அதன் வீரர்களில் பலர் கெரில்லாப் படையிலேயே சேர்ந்து போரிட்டனர். நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்களைப் பிசாஞோ தோழர்களாக ஏற்றார். பழிவாங்குவதே வீரம் என்று பலர் நினைத்த காலத்தில் இது எளிய செயலன்று.

அவருக்குத் தம் அணிக்குள்ளும் சோதனை வந்தது. அந்தப் படைகளை அமைத்து நடத்தியதில் பொதுவுடைமைக் கட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. கட்சிப் பிரசாரம் படைக்குள் வேண்டாம், விடுதலைக்குப் பிறகு மக்கள் விரும்பிய வழியைத் தேரட்டும் என்பது பிசாஞோவின் கருத்து. 1945 தொடக்கத்தில் அவரை அப்பொறுப்பிலிருந்து மாற்றவும் முயற்சி நடந்தது. வீரர்கள் பலர் அவர் பக்கம் நின்றனர். மனத்தாங்கல் இருந்தும் அவர் படையைப் பிளக்கவில்லை, எதிரியை மறக்கவுமில்லை.

1945 ஏப்ரல் வந்தது. நேசநாட்டுப் படை தெற்கிலிருந்து நெருங்கியது. ஜெர்மானியத் தளபதி மைன்ஹோல்ட் வடக்கே பின்வாங்க எண்ணினார். துறைமுகத்தைத் தகர்க்க வெடிகளும் தயாராக இருந்தன. துறைமுகம் போனால் ஜெனோவாவின் பிழைப்பே போய்விடும். ஏப்ரல் 23 இரவு நகர மக்களின் எழுச்சி தொடங்கியது. தெருவுக்குத் தெரு தொழிலாளரும் மாணவரும் போரிட்டனர். மலைப்படைகளோ வடக்கு நோக்கிச் செல்லும் கணவாய்ப் பாதைகளை அடைத்தன. நகருக்குள் எழுச்சி, வெளியே மலைவீரர்கள்; இடையில் சிக்கியது ஜெர்மானியப் படை.

ஏப்ரல் 25 மாலை, மிகோனே மாளிகையில் மைன்ஹோல்ட் சரணடைவுப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். எதிரே அமர்ந்து விடுதலைக் குழுவின் சார்பில் ஒப்பமிட்டவர் ரெமோ ஸ்காப்பீனி. இவர் ஒரு தொழிலாளி. பாசிசச் சிறையில் பல ஆண்டுகள் வாடியவர். பேரரசின் ஜெனரல் ஒரு தொழிலாளியிடம் பணிந்த காட்சி அது! துறைமுகத்தில் இருந்த கடற்படையினர் மறுத்து நின்றாலும், மறுநாள் அவர்களும் பணிந்தனர். ஏப்ரல் 27இல் அமெரிக்கப் படை வந்தபோது நகரம் விடுதலை பெற்றிருந்தது, துறைமுகமும் பிழைத்திருந்தது.

வெற்றி விழாக்கள் தொடங்கின. பிசாஞோவுக்கோ ஒரு கடமை மிச்சமிருந்தது. முன்பு பாசிசச் சீருடை அணிந்திருந்த அந்த வெஸ்டோனே வீரர்கள் தனியே ஊர் திரும்பினால் வழியில் யாரேனும் பழிவாங்கக்கூடும். அதனால் அவரே உடன் சென்று அவர்களை ஊர் சேர்த்தார். திரும்பும் வழியில், 1945 மே 21 அன்று, கார்டா ஏரிக்கரையில் டெசென்சானோ அருகே, தாம் சென்ற லாரியிலிருந்து விழுந்து உயிர்நீத்தார். அது விபத்துதானா என்ற ஐயம் இன்றளவும் அங்கே பேசப்படுகிறது.

மறைந்த பின் இத்தாலி அவருக்கு வீரத்திற்கான தங்கப் பதக்கம் அளித்தது. 2019இல் ஜெனோவாத் திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான பணியைத் தொடங்கியது. ஸ்டாலியேனோ இடுகாட்டில் தோழர்களிடையே அவர் துயில்கிறார்.

நகரை மீட்டவர்கள் பல்லாயிரவர். பிசாஞோ அவர்களுள் ஒருவர். ஆயினும் அவர் உயிர் போனது எதிரியைக் கொல்லச் சென்ற வழியில் அன்று. எதிரியாக இருந்து நண்பர் ஆனவர்களை அவரவர் தாயிடம் சேர்த்துவிட்டு வந்த வழியில். நாளை நம்மில் சிலர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பத்துப் பேருக்கு மேலே ஒரு நாற்காலியில் அமரக்கூடும். அன்று முதலில் உண்ண வேண்டியவர் யார், கடைசியில் உண்ண வேண்டியவர் யார் என்ற கேள்வி எழும். அதற்கு ஓர் இருபத்து மூன்று வயது இளைஞர் விடை சொல்லிச் சென்றிருக்கிறார்.