கணிதப் பேராசான் மகாவீராசாரியர்

இருபத்துநான்காம் தீர்த்தங்கரரின் திருப்பெயரைத் தாங்கிய கணித ஆசிரியர் ஒருவர் கி.பி. 850 அளவில் வாழ்ந்தார். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் ஆட்சிக்காலத்தவர். கழுகுமலைப் பாறையில் நம் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் எழுந்த காலத்தை ஒட்டியவர். தம் கணிதசாரசங்கிரகத்தை வர்த்தமானரை வணங்கியே தொடங்கினார்.

சுரண்டைக் காய்கறிச் சந்தையில் ஒரு வணிகருக்கு 700 ரூபாய் வரவேண்டியுள்ளது. அவர் கொடுக்கவேண்டியதோ 900 ரூபாய். முன்னது மிகை எண், பின்னது குறை எண். இவ்விரண்டின் கூட்டுத்தொகை அவற்றின் வேறுபாடே என்பது ஆசாரியர் விதி. எஞ்சுவது 200 ரூபாய்க் கடன். 700, 900 இவற்றுள் பெரியது எது என நோக்குங்கால், வரவு கடன் என்னும் குறியை ஒதுக்கி அளவை மட்டுமே கொள்கிறோம் அல்லவா? அவ்வளவையே நம் பிள்ளைகள் பள்ளியில் தனி மதிப்பு எனப் பயில்கின்றனர். எண்ணின் இருபுறமும் செங்குத்துக் கோடிடும் முறை மிகப் பிந்தியது. 1841இல் ஜெர்மானிய அறிஞர் வயர்ஸ்ட்ராஸ் வகுத்தது.

கூட்டல் விதியைப் பிரம்மகுப்தர் 628இலேயே கூறிவிட்டார். ஆசாரியரின் பெருமை வேறோரிடத்தில் உள்ளது. மிகை 7ஐ வர்க்கித்தாலும் குறை 7ஐ வர்க்கித்தாலும் 49 தான். ஆகவே குறை எண் எதற்கும் வர்க்கமாகாது. அதற்கு வர்க்கமூலமும் இல்லை என்று காரணம் காட்டித் தெளிவுறுத்தினார். பூஜ்யத்தால் வகுத்தால் எண் மாறாது என்று அவர் எழுதியது பிழையே. அதனை நாம் மறைக்கவேண்டியதில்லை.

11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். சென்னையில் பேராசிரியர் ரங்காசாரியர் 1912இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார்.